வெள்ளரிக்காய் வேதசாட்சி

எருசலேம் நகரம் அந்த வருஷம் ஒருவர் கழுத்தும் அறுபடாமல் கிறிஸ்தவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இந்த அக்கிரமத்தைத் திருச்சபை மேலிடத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நடந்தது இதுதான். பேரரசர் கப்பலேறி வந்தார். ஏற்கெனவே போப்பாண்டவரின் கோபத்துக்கு ஆளாகித் திருச்சபையிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட மனிதர். வந்தவர் மரியாதையாகச் சண்டை போட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். சுல்தான் பதில் எழுதினார். இங்கிருந்து பரிசு போயிற்று, அங்கிருந்து பரிசு வந்தது. குளிர்காலம் முடிவதற்குள் ஊர் உங்களுக்கு, பள்ளிவாசல் இருக்கும் மேடு எங்களுக்கு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். பேரரசருக்குச் சொந்த நாட்டில் வேறு வேலை இருந்தது. அவர் கிளம்பிப் போய்விட்டார்.

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த ஊருக்காக மனிதர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். இப்போது கொஞ்சம் மை செலவானதோடு சரி. இப்படிக் கிடைத்த ஊர் எப்படிப் புனித ஊராக இருக்க முடியும் என்று மேலிடம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் ஊர் முழுவதற்கும் தடை போட்டது. மணி அடிக்கக் கூடாது. பூசை வைக்கக் கூடாது. ஏசுவின் திருக்கல்லறைக் கோவிலுக்குள் யாரும் முழங்கால் போடக் கூடாது. செத்தவரை ஊர் மண்ணில் புதைக்கக் கூடாது. சராசினர், அதாவது முஸ்லிம்கள், கையில் ஊர் இருந்த காலத்தில்கூட வாசலில் வரியைக் கட்டிவிட்டு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. நம்மவர் கைக்கு வந்ததும் அதுவும் போயிற்று.

பெரினுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பர்கண்டி நாட்டில் திராட்சைக் கொடி கவாத்து செய்கிறவன். அண்ணன் லாம்பேருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. ஆலங்கட்டி மழை தங்கள் தோட்டத்தைத் தொடாமல் பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தால் எருசலேமுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான், அப்படியே விழுந்தது. மூட்டை தூக்க ஆள் வேண்டுமே என்று தம்பி கூட வந்தான். கடல் தாண்டி, யாப்பா துறைமுகத்தில் இறங்கி, மலையேறி, ஊர்ச் சுவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் லாம்பேர் கண்ணீர் விட்டான். பிறகு அங்கிருந்த தோட்டத்து வேலியைத் தாண்டி வெள்ளரிக்காய் பறித்துத் தின்ன ஆரம்பித்தான். கப்பலில் மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டி தின்ற வாய். நிறுத்து என்று தம்பி சொல்லச் சொல்லத் தின்றான். அது போதாதென்று வாய்க்கால் தண்ணீரையும் குடித்தான். ராத்திரி முழுக்க வயிறு போயிற்று.

விடிகிற நேரத்தில் அந்த வழியே கழுதையோடு வந்தவர் மர்சூக். ஊருக்குள் தண்ணீர் விற்கிறவர். ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் போல வீட்டைக் காலி செய்துகொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போனவர். ஆனாலும் பழக்கம் விடாமல் தினமும் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றியதில் அவர்கள் பாஷை நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்தான் லாம்பேரின் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் நல்ல தண்ணீர் புகட்டினார்.

"பெரினு," என்றான் லாம்பேர். "அந்த ஊரு மண்ணுல போட்டுடுடா. கடைசி நாள்ல எக்காளம் ஊதி செத்தவங்களை எழுப்புறப்ப நான் முன்வரிசைல இருக்கணும்."

பெரின் அண்ணன் கையைப் பிடித்துச் சரி என்றான். அதைக் கேட்டுவிட்டுத்தான் லாம்பேர் கண்ணை மூடினான். மர்சூக் தோற்பைகளை இறக்கிவிட்டுப் பிணத்தைக் கழுதைமேல் ஏற்றினார். கோடைக்காலம். சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

தடையைக் கண்காணிக்க மேலிடம் நியமித்திருந்தவர் அன்செல்ம் சாமி. பூட்டிய கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். மணிக்கயிறுகள் எல்லாம் அவிழ்த்து, சுருட்டி, அவர் காலடியில் கிடந்தன. யாராவது ஆசைப்பட்டு இழுத்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை.

"சாமி, எங்க அண்ணன் செத்துட்டாருங்க," என்றான் பெரின். "ஒரு குழி வேணும்."

"ஐயோ பாவம். நல்ல சாவா?"

"கண்ணு மூடுறப்ப ஊரைப் பாத்துக்கிட்டேதான் போனாரு."

"ரொம்ப நல்ல சாவு. ஆனா குழி கிடையாது." சாமி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஊர் சுத்தமா இல்லப்பா."

"நம்ம கைலதானே சாமி இருக்கு?"

"அதுதானே பிரச்சினையே! எப்படி வந்துச்சு நம்ம கைக்கு? நீயே யோசிச்சுப் பாரு. என் தாத்தா இந்த ஊருக்காகச் செத்தாரு. அவரோட அப்பாவும் செத்தாரு. பேசி வாங்கிக்கலாம்னா அவங்க ஏன் செத்தாங்கன்னு நாளைக்கு ஜனங்க கேக்க மாட்டாங்களா? கேக்க ஆரம்பிச்சா அப்புறம் எவன் சிலுவை தைச்ச துணியத் தோள்ல போட்டுக்கிட்டுச் சண்டைக்குக் கிளம்புவான்? உண்டியல்ல எவன் போடுவான்? பிரசங்கத்துல நாங்க எதைச் சொல்லி அழ வைக்கிறது? சமாதானத்தைச் சொல்லி எவனாவது அழுவானா?"

பெரின் வாசல் பக்கம் பார்த்தான். வெளியே வளைவின் நிழலில் மர்சூக் ஒரு கிளையை ஒடித்து வைத்துக்கொண்டு பிணத்தின்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருப்பது கதவு வழியாகத் தெரிந்தது.

"ஊருக்கு வெளியில, அந்தப் பள்ளத்தாக்குல?"

"தடை இந்த மண்ணு முழுக்கப்பா. சுவரோட நிக்காது." பிறகு சாமிக்கே மனசு இளகியது. "ஒரே ஒரு விலக்கு இருக்கு. வேதசாட்சியா இருந்தா வைக்கலாம். வேதத்துக்காக ரத்தம் சிந்தினவனைத் தடை கட்டுப்படுத்தாது. உங்க அண்ணன் எப்படிச் செத்தாரு?"

"வெள்ளரிக்காய் தின்னு."

சாமி கூரையைப் பார்த்தார். "வெள்ளரிக்காய் யாரோடது?"

"ஒரு சராசினனோட தோட்டம்."

"கொடுத்தது அவனா?" சாமியின் குரலில் உயிர் வந்தது. "விஷமா?"

"அவன் குடுக்கல சாமி. அங்க ஆளே இல்ல. அண்ணன்தான் வேலி தாண்டிப் பறிச்சாரு."

"வேலியைத் தாண்டினாரா? கைல எதாச்சும் வெச்சிருந்தாரா?"

"காயறுக்க ஒரு கத்தி வெச்சிருந்தாரு."

"ஆக," என்றார் அன்செல்ம் சாமி எழுந்து நின்று, "ஆயுதத்தோடு, தன்னந்தனியாக, எதிரியின் அரணைத் தாண்டி உள்ளே புகுந்திருக்கிறார்."

பிரசங்கம் வைக்கும்போது மட்டும் சாமிக்கு இந்த நடை வரும். பெரின் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரைப் பற்றியாவது பேசுகிறாரோ என்று.

"ஆனா ஒண்ணு குறையுது," என்று சாமி மறுபடியும் உட்கார்ந்தார். "கொன்னவன் வேணும். கொன்னவன் இல்லாம வேதசாட்சி ஆக முடியாது. அவங்க பக்கத்துலேந்து ஒருத்தன் வந்து நான்தான் கொன்னேன்னு சொல்லணும். போய்க் கூட்டிட்டு வா. வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரு."

பெரின் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னான். மர்சூக் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"கொலைகாரனுக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்று பெரின் அழாத குறையாகக் கேட்டான்.

"அழாத தம்பி. மேட்டுல எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு, காஜியாருக்கு உதவியா இருக்கிறவரு. படிச்சவரு. அவர் ஏதாவது வழி சொல்லுவாரு."

பள்ளிவாசல் மேட்டின் நுழைவாயில் பக்கத்தில் நஜ்முத்தீன் ஹஜ்ரத்தின் அறை. அவர் வேறொரு துக்கத்தில் இருந்தார். ஊர் போனதற்காக எல்லாப் பள்ளிவாசல்களிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அழ வேண்டும் என்று அவருடைய மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அழுதார்கள். முதல் வாரம் நன்றாக அழுதார்கள். பிறகு கண்ணீர் வற்றிவிட்டது.

"ஏன் வத்தாது?" என்று ஹஜ்ரத் கேட்டார். மர்சூக் பெரினுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "அழுறதுக்கு ஒரு பேரு வேணும்ல? பைத்துல் முகத்தஸ், இந்தப் புனித ஊரு, போச்சு. சரி. யாரு நின்னு சண்டை போட்டா? யாரும் இல்ல. யாரு செத்தா? யாரும் இல்ல. சாமான் சட்டியைக் கழுதை மேல ஏத்திக்கிட்டு நடந்து போனாங்க. ஒரு ஊரை இழக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. பேசிக் குடுத்துட்டாங்கன்னு எந்த மிம்பர் மேடையில ஏறி நின்னு நான் சொல்றது?"

மர்சூக் தயங்கித் தயங்கி வந்த காரியத்தைச் சொன்னார். ஃபிராங்கி யாத்திரிகன் ஒருவன் செத்துப்போனான், வெள்ளரிக்காய் தின்று. கொன்றதாக ஒருவர் சொன்னால் புதைக்க இடம் கிடைக்கும்.

"தோட்டம் நம்மாளோடதா?" என்றார் ஹஜ்ரத்.

"ஆமா ஹஜ்ரத்."

"அவன் அத்துமீறி உள்ள வந்தான்."

"பசியில வந்தான் ஹஜ்ரத்."

"கடைசியா அவன்கூட இருந்தது யாரு?"

"நான்தான். தண்ணி குடுத்தேன்."

"நீ குடுத்ததும் செத்தானா?"

"குடிச்சிட்டு, தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு..."

"ஆக," என்றார் நஜ்முத்தீன் ஹஜ்ரத், மர்சூக்கின் தோளில் இரண்டு கையையும் வைத்து, "ஊரே ஓடிய நாளில், ஒற்றை ஆளாக நின்று எதிரியை மடக்கியவன் நீ."

மர்சூக் இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பெரின் இரண்டு தடவை கேட்ட பிறகு, "உனக்கு ஒரு கொலைகாரன் கிடைச்சுட்டான்," என்று சொன்னார்.

இரண்டு அதிகாரிகளும் மதியத்துக்கு முன்பே சந்தித்துக்கொண்டார்கள். பேரரசரும் சுல்தானும் ஒத்துப்போகக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது. இவர்கள் ஒரு கோப்பை மாதுளைச் சர்பத்து தீர்வதற்குள் ஒத்துப்போனார்கள். இருவருக்கும் ஒரே குறை, ஒரே மருந்து. ஒருவர் இன்னொருவர் தலையணையைச் சரிசெய்து கொடுத்தார். மேலிடத்துக்காரர்கள் கீழே இருப்பவர்களின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வதே இல்லை என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது.

தகராறு ஒரே இடத்தில்தான் வந்தது. செத்தவன் கடைசியில் என்ன செய்தான்? ஏசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வாளோடு விழுந்தான் என்றார் சாமி. காலைப் பிடித்துக் கெஞ்சினான் என்றார் ஹஜ்ரத். பேச்சு முறியும்போல் ஆகிவிட்டது. கடைசியில் அவன் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்பதை அந்தந்தப் பக்கம் அவரவர் ஜனங்களுக்கு விளக்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

பிறகு எல்லாரும் பிணத்தைப் பார்க்க வந்தார்கள். சாமி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காயமே இல்லையே. வாளால விழுந்தவன்னா ஒரு காயமாவது வேணாமா? இங்க, நெஞ்சுல, சின்னதா..."

"அவன் மேல கத்தி வெச்சீங்கன்னா," என்றான் பெரின், "நான் சாமின்னும் பாக்க மாட்டேன்."

கடல் தாண்டி வந்ததிலிருந்து அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை. அண்ணன் முகத்தை அவன் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான். லாம்பேர் சுயநலக்காரன், தீனிக்காரன், பக்கத்துத் தோட்டத்தில் ஆலங்கட்டி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன். ஆனாலும் அப்பா செத்த பிறகு இவனைத் தோளில் தூக்கித் திரிந்தவன் அவன்தான். சாமி பின்வாங்கி, திராட்சை ரசத்தில் துணியை நனைத்து நெஞ்சில் போட்டால் போதும் என்றார்.

அடுத்தது சத்தியம். வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து, என் அண்ணனைக் கொன்றவன் இந்த மர்சூக் என்று பெரின் சொல்ல வேண்டும். பெரினின் கை பாதியில் நின்றுவிட்டது.

"சாமி, பொய்ச்சத்தியம் பண்ணா நரகம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சொல்லுவோம். ஆனா இது தடை போட்ட ஊரு. இங்க பூசை செல்லாது, மந்திரிப்பு செல்லாது. சத்தியம் மட்டும் முழுசாச் செல்லுமா? சத்தியம் முழுசு இல்லன்னா பாவமும் முழுசு இல்ல."

பெரின் மர்சூக்கைப் பார்த்தான். காலையிலிருந்து அந்த மனுஷர் தண்ணீர் விற்கப் போகவில்லை. ஈ விரட்டிய கிளை இன்னும் கையில் இருந்தது.

"உங்களை எப்படிண்ணே நான்..."

"சொல்லிடு தம்பி," என்றார் மர்சூக் மெதுவாக. "வெயில் ஏறுது. அவரை இனிமே வெளியில வெக்கக் கூடாது. எங்கள்ல செத்தவங்களைக் காக்க வெக்கிறது பெரிய தப்பு. வாய்வார்த்தைதானே? நீயும் சொல்லு, நானும் சொல்லிடறேன். அதுக்கப்புறம் அவங்கவங்க பொழப்பப் பாப்போம்."

இருவரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் எருசலேமில் மணி அடித்தது. அடக்கம் முடியும்வரை மட்டும் தடையை ஒதுக்கி வைப்பதாக அன்செல்ம் சாமி அறிவித்தார். கயிறுகளை மறுபடி கட்டினார்கள். ஊரில் அடைபட்டுக் கிடந்த யாத்திரிகர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். கும்பிட வந்து கும்பிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த கூட்டம். முன்பின் தெரியாத லாம்பேருக்காக அவர்கள் வாய்விட்டு அழுததைப் பார்த்தபோது பெரினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர் மண். நல்ல ஆழமான குழி. முன்வரிசைதான். சொன்னதைச் செய்துவிட்டேன் அண்ணே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பொய் சொன்னது உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் நின்று சாமி நீண்ட பிரசங்கம் வைத்தார். அதில் தோட்டத்து வேலி கோட்டைச் சுவராகியிருந்தது. காயறுக்கிற கத்தி வாளாகியிருந்தது. வெள்ளரிக்காய் எங்குமே வரவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹஜ்ரத்தும் பேசிக்கொண்டிருந்தார். அங்கேயும் நல்ல கூட்டம் என்று கேள்வி.

மறுநாள் காலையில் பெரின் மர்சூக்கைத் தேடிப் போகலாம் என்று யாத்திரிகர் சத்திரத்திலிருந்து கிளம்பினான். நன்றி சொல்ல வேண்டும், கழுதைக்குக் கொஞ்சம் வாற்கோதுமை வாங்கிக் கொடுக்க வேண்டும். வாசலில் அன்செல்ம் சாமி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வாள்.

"யாருக்கு சாமி இது?"

"உனக்குத்தான். வேதசாட்சியோட தம்பி நீ. பழி வாங்குறதுல முதல் உரிமை உனக்கு. நேத்து அழுத ஜனமெல்லாம் காலையிலேந்து கேக்குது, தம்பி என்ன செய்யப் போறான்னு."

"நான் கொடி வெட்டுறவன் சாமி."

"சின்னக் கீறல் போதும்ப்பா. ஒரே ஒரு சொட்டு. அந்தப் பக்கத்து ஹஜ்ரத்கிட்டயும் பேசிட்டேன். அவருக்கும் ஒரு சொட்டு வேணுமாம். ஒரு சொட்டு விழுந்துட்டா ஊரு வாளால ஜெயிச்சதுன்னு நான் மேலிடத்துக்குச் சொல்லிடுவேன். தடை போயிடும். எல்லாரும் திருக்கல்லறையில முழங்கால் போடலாம். உனக்கு அந்த ஆசை இல்லையா?"

"இருக்கு. ஆனா அவர் மேல வாள் ஓங்க மாட்டேன்."

சாமி பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவரே இல்லை.

"நீ பழி வாங்கலன்னா அங்க சண்டையே நடக்கலன்னு ஆகும். சண்டை நடக்கலன்னா உங்க அண்ணன் வேதசாட்சி இல்ல. வேதசாட்சி இல்லாதவரைத் தடை போட்ட மண்ணுல வெச்சிருக்க முடியாது. தோண்டி எடுத்து வெளியில போட வேண்டியிருக்கும். எனக்கு அதுல ஒரு சந்தோஷமும் இல்ல. விதி அப்படி."

பெரின் வாளை வாங்கிக்கொண்டான்.

யாப்பா வாசலுக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு வாற்கோதுமை வயல். இந்தப் பக்கம் யாத்திரிகர்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பாடினார்கள். அந்தப் பக்கம் கிராமத்து ஜனங்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழக்கினார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஹஜ்ரத் ஒரு குடை நிழலில் உட்கார்ந்திருந்தார். அன்செல்ம் சாமியைப் பார்த்து அவர் மரியாதையாக நெஞ்சில் கை வைத்தார். சாமியும் தலையைத் தாழ்த்தினார்.

நடுவில் மர்சூக் நின்றார். யாரோ பெரிய மனிதருடைய கௌரவ அங்கியை அவருக்குப் போட்டிருந்தார்கள், அது தரையில் புரண்டது. வாளைத் தண்ணீர்ப்பை மாதிரி தோளில் சாய்த்து வைத்திருந்தார்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றார்.

"இல்லண்ணே. நீங்க?"

"எங்க? வீரன் வந்திருக்கான்னு ராத்திரி முழுக்க வீட்டுல கூட்டம். தண்ணி விக்கப் போறேன்னேன், வீரன் தண்ணி சுமக்கக் கூடாதாம். கழுதையையும் அவுத்துட்டுப் போயிட்டாங்க. குதிரை தர்றோம்னாங்க. இன்னும் வரல. என் பொஞ்சாதி என்கிட்ட பேச மாட்டேங்கிறா. விருந்தாளியைக் கொன்னியான்னு கேக்குறா."

"இல்லன்னு சொல்லலியா?"

"சொன்னேன். அவகிட்ட சொல்லலாம். வேற எவன்கிட்ட சொல்றது?"

"என்னாலதான்ண்ணே எல்லாம். என்னை மன்னிச்சிடுங்க."

"சீ, விடு. சீக்கிரம் முடி, வெயிலு. இந்தா, உள்ளங்கை. இங்க கீறு. ரெண்டு நாள்ல ஆறிடும். அப்புறம் உன் கைல நான் ஒண்ணு கீறுறேன். கும்பிட வந்தவன் கும்பிட்டுட்டு ஊரு போய்ச் சேரு."

பெரின் வாளைக் கவாத்துக் கத்தி மாதிரி நுனியில் குறுக்கிப் பிடித்துக்கொண்டான். கொடியின் முளைக்கண் மேல் படாமல் தோலை மட்டும் கீறத் தெரிந்த கை. மர்சூக்கின் உள்ளங்கையில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்து, விரலிடுக்கில் ஓடி, அறுத்த பயிரின் தாளில் விழுந்தது.

"விழுந்தது!" என்று அன்செல்ம் சாமி கையைத் தூக்கினார். "எல்லாரும் பார்த்தீர்களா? விழுந்தது!"

"எங்களுக்கு இன்னும் விழவில்லை!" என்று குடைக்குக் கீழிருந்து ஹஜ்ரத் எழுந்தார்.

அதிகாரிகள் இருவருக்கும் இவ்வளவு போதுமாக இருந்தது. ஜனங்களுக்குப் போதவில்லை. கோட்டைச் சுவரைத் தாண்டிய வீரனின் தம்பியையும், ஒற்றை ஆளாக ஊரைக் காத்த வீரனையும் பார்க்க வந்தவர்கள் அவர்கள். நேற்று மனசார அழுதவர்கள். இங்கே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள். "இவ்வளவுதானா?" என்று இந்தப் பக்கம் ஒருவன் கத்தினான். அந்தப் பக்கம் ஒருவன் அவன் பாஷையில் அதையே கத்தினான். பாட்டு நின்றது. கூட்டம் இரண்டு பக்கமும் முன்னால் நகர்ந்தது.

"கையைக் குடு தம்பி, சீக்கிரம்," என்றார் மர்சூக்.

பெரின் கையை நீட்டினான். அப்போதுதான் அந்தக் கல் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பெரின் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பிற்பாடு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மர்சூக்கின் காதுக்கு மேலே பட்டது. அங்கி காலில் சிக்க, அவர் உட்காருகிறவர் போல முழங்காலில் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தார். பெரின் வாளைப் போட்டுவிட்டு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். தண்ணீர், தண்ணீர் என்று அவன் இரண்டு பக்கமும் பார்த்துக் கத்தினான். அந்தக் கூட்டத்தில் தண்ணீர் விற்கிறவர் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஹஜ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷஹீத் என்று ஒரே வார்த்தை சொன்னார், அவர்கள் பக்கத்து வேதசாட்சி. அந்தப் பக்கத்து ஜனங்கள் உடம்பைப் பெரினின் மடியிலிருந்து பிடுங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடப் பார்த்த பெரினை இந்தப் பக்கத்து ஜனங்கள் பிடித்துத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று அவன் கத்தியதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் வாளால் வெல்லப்பட்டுவிட்டது. தடை நீங்கியது. எல்லா மணிகளும் அடித்தன. திருக்கல்லறைக் கோவிலின் கதவுகளைத் திறந்து, வேதசாட்சியின் தம்பிதான் முதலில் கும்பிட வேண்டும் என்று கூட்டம் அவனைக் கல்லறைக்கு முன்னால் இறக்கிவிட்டது. உலகம் முழுவதிலிருந்தும் மனிதர்கள் வந்து சேரத் துடிக்கிற இடம். பெரின் முழங்கால் போட்டான். ஒரு ஜெபமும் நினைவுக்கு வரவில்லை. உள்ளங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது, அவனுடையது அல்ல.

அன்செல்ம் சாமி அன்போடு பக்கத்தில் குனிந்தார்.

"சாமி," என்றான் பெரின். "அவரை எங்க புதைப்பாங்க?"

"யாரை?" என்று கேட்டார் சாமி. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எங்க அண்ணனைச் சுமந்துட்டு வந்தவரை."

மணிகள் பலமாக அடித்துக்கொண்டிருந்தன. சாமி காதில் கை வைத்துப் புன்னகைத்து, அப்புறம் சொல் என்று சைகை காட்டிவிட்டு, அடுத்து யாரைக் கும்பிட விடலாம் என்று வரிசையைப் பார்க்கப் போனார்.